பிரேக் விடாமல் பிடிக்கிறதா? காலிப்பரை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

வால்பாறையிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி ஆழியாறு வந்தபோதே, பின்சீட்டில் இருந்த அத்தை “என்னமோ கருகுற வாடை வருதே” என்றார். மலை இறங்கினால் அப்படித்தான் என்று நானும் விட்டுவிட்டேன். அங்கிருந்து பொள்ளாச்சி வரை சமதளம். பிரேக்கை அவ்வளவாகத் தொடவே இல்லை. ஆனால் சாப்பிட நிறுத்தி இறங்கியபோதும் வாடை போகவில்லை. ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையை நீட்டிப் பார்த்தேன். மூன்று ஆறியிருந்தன. இடது முன்சக்கரம் மட்டும் தோசைக்கல் மாதிரி அனல் அடித்தது.

மறுநாள் ஒரு பட்டறையில் காட்டினேன். சக்கரத்தைக்கூடக் கழற்றாமல், “ரெண்டு காலிப்பரும் போயிடுச்சு சார், செட்டா மாத்திடலாம்” என்றார்கள். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு வண்டியை வீட்டுக்குத் திருப்பினேன். பிறகு தெரிந்த மெக்கானிக் ஒருவரோடு உட்கார்ந்து கழற்றிப் பார்த்தால் காலிப்பரில் ஒரு கோளாறும் இல்லை. அது நகர்வதற்கான இரண்டு பின்களில் (உருண்டைக் கம்பிகளில்) ஒன்று கிரீஸ் காய்ந்து, துருவேறி, இறுகிக் கிடந்தது. சில நூறு ரூபாயில் முடிந்த வேலை.

ஆகவே இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் கண்டுபிடிப்பதைப் பற்றித்தான். எது இறுகியிருக்கிறது என்று தெரியாமல் பாகம் வாங்கப் போகாதீர்கள்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது

சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டு டிஸ்க். அதை இருபுறமும் கிடுக்கி போலக் கவ்வுவது காலிப்பர். குடும்ப எஸ்யூவிகளின் முன்சக்கரங்களில் பெரும்பாலும் இருப்பது நகரும் வகை. தள்ளும் உருளையான பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான் இருக்கும். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தத்தில் பிஸ்டன் உள்பேடை (பேட் என்பது உராய்ந்து நிறுத்தும் பட்டை) டிஸ்க் மீது அழுத்தும். அந்த அழுத்தத்தின் எதிர்விசையில் காலிப்பர் மொத்தமும் இரண்டு பின்களின் மேல் சறுக்கி, வெளிப்பேடையும் இழுத்து அழுத்தும். பின் சறுக்காவிட்டால் ஒரு பேட் மட்டும் உழைக்கும், அல்லது பிடித்தது விடாது.

காலை எடுத்ததும் பிஸ்டனைத் திரும்ப இழுப்பது எது என்று கேட்டால் பலரும் ஸ்பிரிங் என்பார்கள். முன் காலிப்பரில் அதற்கென்று ஸ்பிரிங்கே கிடையாது. பிஸ்டனைச் சுற்றி, வெட்டிப் பார்த்தால் சதுரமாகத் தெரியும் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. பிஸ்டன் வெளியே வரும்போது அந்த ரப்பர் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். அழுத்தம் போனதும் பழைய வடிவத்துக்குத் திரும்பும், கூடவே பிஸ்டனையும் உள்ளே இழுக்கும். அதுவும் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். இவ்வளவு மெல்லிய விசையை நம்பி நடக்கும் வேலை என்பதால், கொஞ்சம் துரு இருந்தாலே கெட்டுவிடுகிறது.

மழைநீர் தேங்கிய தெருவில் ஓட்டுவது, கடலோர ஊரின் உப்புக் காற்று, மாதக்கணக்கில் வண்டியை நகர்த்தாமல் நிறுத்தி வைப்பது, இவையெல்லாம் துருவுக்குக் கொண்டாட்டம். வாட்டர் சர்வீஸில் வேகமான தண்ணீரைக் காலிப்பரின் ரப்பர் மூடிகள் மீதே பாய்ச்சுவதையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பேன்.

சாலையில் பார்க்க வேண்டியது

டயர்களில் காற்றைச் சரிபார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். ஒரு பக்கம் காற்று குறைந்தாலும் வண்டி இழுக்கும். அதற்குக் காலிப்பர் மீது பழி போடக் கூடாது.

காலி சாலையில் ஏழெட்டு கிலோமீட்டர், பிரேக்கை முடிந்தவரை தொடாமல் ஓட்டுங்கள். வேகத்தைக் குறைத்து, தானாக உருண்டு நிற்க விடுங்கள். இறங்கி ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் காட்டுங்கள். டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்க வேண்டாம், தோல் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சூடாக இருக்கலாம். தொடாமல் வெப்பம் அளக்கும் துப்பாக்கி கிடைத்தால் இன்னும் நல்லது. ஓர் எண்ணை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இடது முன்சக்கரத்தை வலது முன்சக்கரத்தோடு ஒப்பிடுங்கள். சில டிகிரி வித்தியாசம் எப்போதும் இருக்கும். பல பத்து டிகிரி என்றால் அங்கே ஏதோ உரசுகிறது.

அப்புறம் இழுப்பு. இங்கே புதியவர்கள் குழம்பும் ஒரு விஷயம் உண்டு. பிரேக்கைத் தொடாதபோதும் வண்டி இடதுபக்கம் இழுக்கிறது என்றால், இடது பிரேக் விடாமல் பிடித்திருக்கலாம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் வலதுபக்கம் இழுக்கிறது என்றால், வலது சரியாகப் பிடிக்கிறது, இடதுதான் சோம்பேறி. இழுக்கும் பக்கம் எப்போதும் கெட்ட பக்கம் இல்லை.

மைலேஜ் குறைவது, ஒரு சக்கரத்தில் மட்டும் கறுப்புத் தூசி அதிகம் படிவது, டிஸ்க் நீலம் பாய்ந்திருப்பது ஆகியவையும் அடையாளங்கள். சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்து பெடல் ஆழமாகப் போனால், அது பிரேக் ஆயில் கசிவு. அந்த வண்டியை ஓட்டாதீர்கள், இழுத்துச் செல்ல ஆள் வரச்சொல்லுங்கள்.

தூக்கி வைத்துப் பார்ப்பது

சமமான சிமெண்ட் தரை. கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் மேலே, பின்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கல். வீல் நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திவிடுங்கள். ஜாக்கியை அதற்கென்று குறித்த இடத்தில் கொடுத்துத் தூக்கி, உடனே வண்டியைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்ட் போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியிலோ சக்கர இடுக்கிலோ கையைக் கொண்டுபோகக் கூடாது. ஹாலோ பிளாக், செங்கல் இரண்டும் ஸ்டாண்ட் ஆகாது. ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி, கல் எந்த எச்சரிக்கையும் தராமல் பிளக்கும்.

சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். லேசாக “சர்” என்று உரசும் சத்தம் வந்தால் பரவாயில்லை. இரு கையாலும் பலமாகத் தள்ள வேண்டியிருந்தால்தான் கோளாறு. சரியாகச் சுற்றினால் வீட்டில் ஒருவரை உட்கார வைத்துப் பெடலை நன்றாக மிதித்து விடச்சொல்லி, உடனே மறுபடி சுற்றிப் பாருங்கள். சில பிரேக்குகள் மிதித்தபின்தான் தங்கள் குணத்தைக் காட்டும்.

இப்போது சக்கரம் இறுகி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதற்குப் பிறகு செய்யும் ஒரு சின்னச் சோதனைதான் எனக்குத் தெரிந்து மிக அதிகப் பணத்தை மிச்சம் பிடிப்பது.

காலிப்பரின் பின்புறம் மேலே ஆயிலை வெளியே விடும் ஒரு சிறிய நிப்பிள் இருக்கும், ரப்பர் தொப்பி போட்டிருக்கும். முந்தின நாள் மாலையே அதன் அடியில் துரு இளக்கும் ஸ்ப்ரே கொஞ்சம் அடித்து வையுங்கள். ஓப்பன் ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கிவிடும், ரிங் ஸ்பேனர்தான் வேண்டும். முதலில் ஸ்பேனர், அதன் மேல் உள்ளே இருப்பது தெரியும் ஒரு பிளாஸ்டிக் குழாய், குழாயின் மறுமுனை ஒரு பாட்டிலில். நிப்பிளைக் கால் சுற்று திறங்கள். ஆயில் பீச்சி வந்து சக்கரம் விடுபட்டால், உள்ளே அழுத்தம் அடைபட்டுக் கிடந்தது என்று பொருள். குற்றவாளி காலிப்பர் இல்லை, அதற்கு ஆயில் கொண்டுவரும் ரப்பர் ஹோஸ் அல்லது அதற்கும் மேலே உள்ளது. நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லையா? அப்படியானால் பின், பிஸ்டன், பேட் இந்த மூன்றில் ஒன்று.

ஹோஸ் எப்படிக் குற்றவாளி ஆகும்? வெளியே பார்த்தால் புதிது போல இருக்கும். வருடக்கணக்கில் ஊறி உள்சுவர் உப்பியிருக்கும், அல்லது உரிந்து ஒரு மூடி போலத் தொங்கும். கால் மிதிக்கும் விசை பெரியது, ஆயிலை இடித்துத் தள்ளிவிடும். திரும்பி வரும் விசையோ மேலே சொன்ன அந்த ரப்பர் வளையத்தின் விசைதான், அதனால் வழியைத் திறக்க முடியாது. இந்த நிலையில் புதுக் காலிப்பர் போட்டாலும் ஒரே வாரத்தில் அதே வாடை வரும்.

இரண்டு முன்சக்கரமும் ஒரே மாதிரி இறுகுகிறதென்றால் சக்கரத்தை விட்டுவிட்டுப் பெடலைப் பாருங்கள். பெடலுக்கும், ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கும் இடையே இருக்க வேண்டிய சிறு ப்ளே (இடைவெளி) இல்லாமல் போயிருக்கலாம். பின்சக்கரம் என்றால் ஹேண்ட்பிரேக் கேபிள் இறுகியிருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

காலிப்பரைத் திறப்பது

சக்கரத்தைக் கழற்றுங்கள். காலிப்பரின் பின்னால் மேலும் கீழுமாக இரண்டு போல்ட் இருக்கும், பெரும்பாலும் 12 அல்லது 14 நம்பர் ஸ்பேனர். கீழ் போல்ட்டை மட்டும் எடுத்தால் பல வண்டிகளில் காலிப்பர் கதவு போல மேலே திறக்கும். போல்ட்டோடு பின்னும் சேர்ந்து சுற்றினால் மெல்லிய ஸ்பேனரால் பின்னைப் பிடித்துக்கொள்ளுங்கள். முழுதாகக் கழற்ற வேண்டி வந்தால் கட்டுக்கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டி வையுங்கள். ஹோஸிலேயே தொங்க விட்டால் அதுவும் போய்விடும்.

தூசியை வாயால் ஊதாதீர்கள், கம்ப்ரஸர் காற்றும் வேண்டாம். பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. பிரேக் கிளீனர் அடித்து நனைத்துத் துடையுங்கள்.

பேடுகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள்பேட் மட்டும் தேய்ந்திருந்தால், பிஸ்டன் திரும்பவில்லை அல்லது காலிப்பர் நகரவில்லை. வெளிப்பேட் மட்டும் தேய்ந்திருந்தால் பின் மீது சந்தேகம் வலுக்கும். ஒரே பேட் ஆப்பு மாதிரி சாய்வாகத் தேய்ந்திருந்தால், ஒரு பின் நகர்ந்து மற்றது இறுகிய கதை. எங்கள் வண்டியில் இருந்தது இதுதான். பேட் சொல்வதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம், கையால் ஆட்டிப் பார்த்து உறுதி செய்யுங்கள். பின்களை விரலால் தள்ளி இழுக்க முடிய வேண்டும். நல்ல பின்னைத் தள்ளி விட்டால் உள்ளே இருக்கும் காற்று அதைக் கொஞ்சம் திருப்பித் தள்ளும். சுத்தியல் கேட்கிற பின் எதுவும் நல்ல பின் இல்லை.

பிஸ்டனைப் பார்ப்பதற்குப் பழைய பேட் ஒன்றை அதன் மேல் வைத்து, சி கிளாம்ப்பால் மெதுவாக உள்ளே தள்ளுங்கள். நிப்பிளைத் திறந்து வைத்துத் தள்ளி, பிஸ்டன் நின்றதும் கிளாம்ப்பை எடுக்கும் முன்பே மூடிவிடுவது என் பழக்கம். காலிப்பரில் கிடக்கும் அழுக்கு ஆயில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பக்கம் திரும்பிப் போகாமல் பாட்டிலுக்கு வந்துவிடும். நிப்பிளைத் திறக்காமல் தள்ளினால் பானெட்டுக்குள் இருக்கும் ஆயில் டப்பா நிரம்பி வழியும், அதையும் கவனிக்க வேண்டும். பிஸ்டன் சீராக உள்ளே போனால் அது நிரபராதி. திக்கித் திக்கிப் போனாலோ, ரப்பர் மூடி கிழிந்து உள்ளே துரு தெரிந்தாலோ, மூடியின் உள்ளே ஈரம் இருந்தாலோ வேலை பெரிது.

பின்சக்கரத்திலும் டிஸ்க் உள்ள வண்டி என்றால் ஓர் எச்சரிக்கை. ஹேண்ட்பிரேக்கும் சேர்ந்தே இருக்கும் பின்சக்கரக் காலிப்பர்களில் பிஸ்டனைத் தள்ளக் கூடாது, அதற்கான கருவியால் சுற்றி உள்ளே அனுப்ப வேண்டும். சுவிட்சை அழுத்தினால் மோட்டார் இயக்கும் ஹேண்ட்பிரேக் உள்ள வண்டிகளில் முதலில் மோட்டாரைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். கிளாம்ப் போட்டு இறுக்கினால் மோட்டார் உடையும். முதல் முறை செய்பவர்கள் முன்சக்கரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பின்னும் பேடும்: வீட்டிலேயே செய்யலாம்

பின்னை உருவும்போது எது மேலே இருந்தது, எது கீழே என்று குறித்துக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் ஒரு பின்னின் நுனியில் மட்டும் சின்ன ரப்பர் உறை இருக்கும், இடம் மாறினால் மறுபடி இறுகும். பழைய கிரீஸைத் துணியால் துடையுங்கள். துளைக்குள் சின்ன நைலான் பிரஷ் விட்டுச் சுத்தம் செய்யுங்கள். பின்னில் குழி விழுந்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஏமாற்றாதீர்கள், மேல்பூச்சு போய்விட்டால் அடுத்த மழையில் துரு திரும்பி வரும். புதுப் பின்னும் ரப்பர் மூடியும் கொண்ட கிட் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். சென்னையில் ஜிபி ரோடு போனால் பழைய பின்னைக் கையில் கொண்டுபோய் ஒத்துப் பார்த்து வாங்கலாம்.

கிரீஸ் விஷயத்தில் கறாராக இருங்கள். பட்டறையில் டப்பாவில் இருக்கும் பேரிங் கிரீஸ் கூடாது. பெட்ரோலியத்தில் செய்த கிரீஸ் பட்டால் பிரேக்கின் ரப்பர் உப்பும், உப்பினால் பின் இறுகும். எதைச் சரிசெய்ய உட்கார்ந்தோமோ அதையே நாம் உண்டாக்கியது போல ஆகும். சிலிகான் கிரீஸோ, பிரேக் பின்னுக்கென்று விற்கும் கிரீஸோ மட்டும்தான். அதையும் மெல்லியதாகப் பூசுங்கள். துளை நிறைய அடைத்தால் பின் உள்ளே போக இடமில்லாமல் நிற்கும்.

பேட் உட்காரும் இடத்தில் மெல்லிய எஃகு கிளிப்புகள் இருக்கும். அவற்றைக் கழற்றி, அடியில் பொருக்குத் தட்டிய துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். துரு பருத்துக் கிளிப்பைத் தள்ளுவதால் பேட் மாட்டிக்கொள்வதும் உண்டு. பேடின் காதுகள் அதற்குள் விரல் விசையில் நகர வேண்டும். உராயும் பகுதி 3 மி.மீ. அல்லது அதற்குக் கீழே வந்துவிட்டால் மாற்றுங்கள். மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்துத்தான். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் மேலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் கடைசல் பிடிக்க இனி இடமில்லை, புதுசுதான்.

பிஸ்டனும் ஹோஸும்: துணையோடு செய்யுங்கள்

முதல் முறை செய்பவர் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. கைவந்த ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். என்ன நடக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் பட்டறையில் நின்று பார்க்கவாவது உதவும்.

பிஸ்டனை வெளியே எடுக்க ஹோஸைக் கழற்றும் முன் பெடலை மெதுவாக மிதித்தாலே போதும், எதிரே ஒரு மரக்கட்டை வைத்துக்கொள்ள வேண்டும். கம்ப்ரஸர் காற்று விட்டால் பிஸ்டன் குண்டு போலப் பாயும், விரல் நடுவில் இருந்தால் நசுங்கிவிடும். சதுர ரப்பரை எடுக்க ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், மூங்கில் குச்சி போதும். சிலிண்டரில் கீறல் விழுந்தால் அந்தக் காலிப்பரே கழிவு. கழுவுவதற்கு மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல் எதுவும் கூடாது. பல இடங்களில் பழக்கத்தில் டப்பாவில் முக்கி எடுப்பார்கள், அப்போதே தடுத்துவிடுங்கள். பிரேக் கிளீனர் அல்லது புது பிரேக் ஆயில் மட்டும். ரப்பர் உட்காரும் பள்ளத்தில் இருக்கும் துருவை முழுதாக எடுக்க வேண்டும். பல நேரம் பிஸ்டனை இறுக்குவது அந்தத் துருதான், அடியிலிருந்து ரப்பரைப் பிதுக்குகிறது. பிஸ்டனில் சொறி விழுந்திருந்தால் புதுப் பிஸ்டன், சிலிண்டரிலும் குழி இருந்தால் புதுக் காலிப்பர். புது ரப்பரையும் பிஸ்டனையும் பிரேக் ஆயிலில் நனைத்து, கையாலேயே நேராக அழுத்தி உள்ளே விடலாம்.

ஹோஸ் மாட்டும் போல்ட்டின் இருபுறமும் செம்பு வாஷர் உண்டு. பழையதைத் திரும்பப் போடாதீர்கள். மாட்டி முடித்ததும் நிப்பிள் மேலே இருக்கிறதா என்று பாருங்கள். இடது, வலது காலிப்பர் மாறிப் போட்டால் அச்சாகப் பொருந்தும், ஆனால் நிப்பிள் கீழே வந்துவிடும். காற்று மேலே தங்கும், எத்தனை முறை ப்ளீடிங் செய்தாலும் (காற்றை வெளியேற்றினாலும்) பெடல் பஞ்சு மாதிரியே இருக்கும்.

ஆயில் என்று சொன்னாலும் அது எண்ணெய் இல்லை

எல்லோரும் பிரேக் ஆயில் என்கிறோம், நானும் அப்படித்தான் எழுதுகிறேன். ஆனால் அது கிளைக்கால் என்ற வேதிப்பொருள் சார்ந்த திரவம். பெயரை நம்பி ஒரு துளி என்ஜின் ஆயில் ஊற்றினாலும் பிரேக்கின் ரப்பர்கள் எல்லாம் உப்பிப் போகும். டப்பா மூடியில் டாட் 3, டாட் 4 என்று போட்டிருப்பதையே வாங்குங்கள். டாட் 5 என்பது சிலிகான் வகை, எண் பெரிது என்று அதை ஊற்றக் கூடாது.

இந்தத் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. மலை இறக்கத்தில் பெடல் திடீரென்று தரைக்குப் போவது இதனால்தான், கொதித்த ஆயிலில் ஆவி உண்டாகி மிதிப்பது வீணாகிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. உள்ளே தங்கும் அந்த ஈரமே பிஸ்டனில் துருவையும் உண்டாக்குகிறது.

ஏர் எடுக்க, அதாவது ப்ளீடிங் செய்ய, இரண்டு பேர் வேண்டும். உள்ளே இருப்பவர் மிதித்துப் பிடித்துக்கொள்ள, வெளியே இருப்பவர் நிப்பிளைத் திறந்து, ஆயில் வந்ததும் மூடி, “விடு” என்று சொன்னபின்தான் அவர் காலை எடுக்க வேண்டும். மூடும் முன் காலை எடுத்தால் போன காற்று திரும்ப உள்ளே வரும். குமிழி வராதவரை தொடருங்கள், டப்பா காலியாகாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயிண்டை அது தின்றுவிடும்.

பூட்டியபின்

இறுக்கும் அளவு: சறுக்கும் பின்களின் போல்ட்டுகள் பொதுவாக 25 முதல் 35 நியூட்டன் மீட்டர், காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டின் போல்ட் அதைப்போல மூன்று மடங்கு, வீல் நட் 100க்கு மேல். வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் உங்கள் கையேட்டில் இருப்பதே முடிவு. இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரிஞ்ச் இல்லாவிட்டால் இரவல் வாங்குங்கள். பின் போல்ட் சின்னது, ஆவேசமாக இறுக்கினால் மரை போய்விடும்.

என்ஜினைப் போடும் முன் பெடலைப் பலமுறை மிதியுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளி வைத்திருக்கிறோம், முதல் மிதிப்பு காற்றில் மிதிப்பது போலத் தரை வரை போகும். இதை மறந்து ரிவர்ஸ் எடுத்து வாசல் சுவரில் மோதியவர் எங்கள் தெருவிலேயே உண்டு. பெடல் கெட்டியானபின் ஆயில் அளவைப் பார்த்து, தெருவுக்குள்ளேயே நடை வேகத்தில் இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்துப் பாருங்கள்.

புதுப் பேட் போட்டிருந்தால் காலி சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை, முழுதாக நிறுத்தாமல், எட்டுப் பத்து முறை மிதமாகக் குறையுங்கள். நடுவில் கொஞ்சம் ஓட்டி ஆற விடுங்கள். அன்றைக்கு மட்டும் லேசாக வாடை வரும், பயப்பட வேண்டாம்.

கடைசியாக அந்த ஏழெட்டு கிலோமீட்டர் சோதனையை அப்படியே மறுபடி செய்யுங்கள். எங்கள் வண்டியில் பின் மாற்றியபின் இடதுக்கும் வலதுக்கும் மூன்று டிகிரிதான் வித்தியாசம் இருந்தது. 100 கிலோமீட்டர் ஓடியபின் வீல் நட்டுகளை இன்னொரு முறை இறுக்கிப் பார்த்துவிட்டு, காலிப்பரின் பின்னால் டார்ச் அடித்து ஈரம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.